தண்டனையின்மை என்றால் என்ன? ஒரு தெருவிளக்கிலிருந்து தொடங்குவோம்

அக்காவின் மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். ஒக்டோபரில் ஒருநாள் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, தண்டனையின்மை எண்டா தூக்குத்தண்டனையை இல்லாமச் செய்யிறதா?”

அவள் வாசித்துக்கொண்டிருந்தது, 2000இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜனின் நினைவுதினச் செய்தி. சக ஊடகவியலாளர்கள் கூடி, சுடரேற்றி, படத்துக்கு மலர் வைத்திருந்தார்கள். அந்தச் சின்னச் செய்தியில் ‘தண்டனையின்மை’ என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. ஓரிடத்திலும் விளக்கம் இல்லை. பிள்ளை தனக்குத் தெரிந்ததை வைத்து அர்த்தம் பிடிக்கப் பார்த்திருக்கிறாள்.

குழப்பம் பெரியவர்களிடமும் இருக்கிறது. “கொலைகாரனைப் பிடிக்கேல்லை, அதைத்தானே சொல்லுறாங்கள்” என்பார் ஒருவர். “உலகம் முழுக்க எத்தனை வழக்கு அப்பிடிக் கிடக்குது” என்பார் இன்னொருவர். “ஊடகக்காரருக்கு மட்டும் தனிச் சட்டம் வேணுமோ” என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்குவோம்

இந்தக் கருத்துக்குத் தமிழில் ஒரே சொல் இன்னும் நிலைக்கவில்லை. மனித உரிமை அறிக்கைகளின் தமிழாக்கத்தில் ‘தண்டனை விலக்கீட்டுரிமை’ என்றும் ‘தண்டனையிலிருந்து விலக்களிப்பு’ என்றும் வருகிறது. இரண்டும் எனக்குப் பிடிப்பதில்லை. ‘உரிமை’ என்றால் யாரோ சட்டப்படி கொடுத்தது போலவும், ‘விலக்களிப்பு’ என்றால் யாரோ கடிதம் எழுதி ஒப்பமிட்டது போலவும் கேட்கிறது. நடப்பில் அப்படி ஒரு கடிதம் இருப்பதில்லை. ஆகவே ‘தண்டனையின்மை’ என்றே வைத்துக்கொள்வோம்.

அதன் பொருள் இதுதான்: குற்றம் நடந்திருக்கிறது, அதைத் தண்டிக்கச் சட்டமும் இருக்கிறது, பொலிஸும் நீதிமன்றமும் இருக்கின்றன. இருந்தும் செய்தவர் கணக்குக் கேட்கப்படாமல் வாழ முடிகிறது. விசாரணை நடக்காமல் போகலாம், நடந்து பாதியில் நிற்கலாம், வழக்கு வந்து வருடக்கணக்கில் இழுபடலாம். எந்த வழியால் போனாலும் முடிவில் யாரும் பொறுப்பேற்பதில்லை.

தூக்குத்தண்டனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனாலும் கொலைக்காக எத்தனையோ பேர் சிறையில் இருக்கிறார்கள். நீதிமன்றம் சான்றுகளை ஒழுங்காகப் பார்த்து ஒருவரை விடுதலை செய்தால் அதுவும் தண்டனையின்மை ஆகாது. கெட்டிக்காரக் கள்ளன் ஒருவன் உண்மையாகவே அகப்படாமல் தப்புவதையும் இதில் சேர்க்க முடியாது. பொலிஸ் முழு முயற்சி எடுத்தும் துப்புக் கிடைக்காத வழக்குகள் உண்டு. துப்புக் கிடைத்த பிறகும் நகராமல் நிற்கிற வழக்குகளுக்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

ஒழுங்கை முடக்கில் ஒரு விளக்கு

ஒழுங்கை முடக்கில் ஒரு தெருவிளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அந்த வழியால் அனுமதி இல்லாத மணல் உழவு இயந்திரங்கள் போகின்றன. வெளிச்சம் இருப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது. ஒருநாள் இரவு யாரோ கல்லெறிந்து மின்குமிழை உடைத்துவிடுகிறார்கள்.

எறிந்தது யார் என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய அண்ணன் செல்வாக்கானவர். பிரதேச சபைக்குப் போய்ச் சொன்னால் “நீங்கள் கண்ணால் கண்டீர்களா?” என்று கேட்கிறார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்துப் புதுக் குமிழ் வருகிறது. ஒரு கிழமையில் அதுவும் உடைகிறது.

மூன்றாவது முறை கல்லே தேவைப்படவில்லை. கம்பத்தில் ஏறப் போன வேலையாளைப் பார்த்து ஒருவர் சாதாரணமாகச் சொல்கிறார், “தம்பி, அந்த முடக்கில போடத் தேவையில்லை.” அவர் இறங்கிவிடுகிறார். சனம் ஏழு மணிக்கே கதவைச் சாத்தப் பழகிவிடுகிறது. அடுத்த வருடம் பிரதேச சபையின் பதிவேட்டைப் புரட்டினால் அந்த ஒழுங்கையில் ஒரு குமிழும் உடையவில்லை என்று இருக்கும். பதிவு சரியானதுதான், ஏனென்றால் உடைப்பதற்கு அங்கே குமிழே இல்லை.

இதில் மூன்று விஷயத்தை மனதில் வைத்திருங்கள். முதல் கல்லுக்குக் கணக்குக் கேட்காததால்தான் இரண்டாவது கல் வந்தது. உடைந்தது ஒரு குமிழ்தான், இருளானது ஒழுங்கை முழுவதும். கடைசியில் வன்முறையே இல்லாத ஒரு வருடம் வந்தது, அதைப் பார்த்து நிலைமை சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லலாம். இனிச் சொல்லப் போகிற சம்பவங்களில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும்.

ஊரடங்கு இரவில் நடந்தது

நிமலராஜன் பிபிசியின் தமிழ், சிங்கள சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் ராவய என்ற சிங்கள வார இதழுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்தவர். போரின் காரணமாகக் கொழும்பிலிருந்து செய்தியாளர்கள் நினைத்தபடி அங்கே வர முடியாத காலம் அது. குடாநாட்டில் என்ன நடக்கிறது என்று வெளியே தெரிந்தால், அது அவரைப் போன்ற சிலரால்தான். 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தல் முறைகேடுகளைப் பற்றியும் அவர் செய்தி கொடுத்திருந்தார்.

ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, தன் அறையில் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசினார்கள். அவருடைய தாய், தந்தை, மருமகன் மூவரும் காயப்பட்டார்கள்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. நகரம் இராணுவத்தின் கட்டுப்பாட்டில். வீட்டைச் சுற்றிக் காவலரண்கள். அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: ஊரடங்கு நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, லாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்துதான் தெருவில் இறங்குவோம். அப்படியான இரவில் துப்பாக்கியோடு வந்து, சுட்டு, குண்டெறிந்து, திரும்பிப் போக யாரால் முடியும்? விசாரணை தொடங்க வேண்டிய கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை.

சந்தேகநபர்கள் கைதானார்கள், பிணையில் போனார்கள். 2021இல் சட்டமா அதிபர் வழக்கை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று முடிவெடுத்தார். சட்டமா அதிபர் என்றால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. குற்றவழக்குகளில் யார்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது, யாரை விடுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். இந்தப் பதவி பின்னாலும் வரும், நினைவில் வைத்திருங்கள்.

ஊடகவியலாளர் கொலையை ஏன் தனியாக எண்ணுகிறார்கள்?

எல்லா உயிரும் உயிர்தான். ஒரு கடைக்காரர் கொலையானாலும் ஒரு நிருபர் கொலையானாலும் வீட்டில் அழுகை ஒன்றுதான். பிறகு ஏன் தனிக் கணக்கு, தனி நாள், தனி அறிக்கை? இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் திருகோணமலையில் இருக்கிறது.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்து இறந்தார்கள் என்பது படைத்தரப்புச் சொன்ன கதை. சுடர் ஒளிப் பத்திரிகையின் பிராந்தியச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய் உடல்களைப் படமெடுத்தார். படங்கள் பத்திரிகையில் வந்தன. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அந்தப் படங்களின் முன்னால் நிற்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போவதற்காக வீதியில் நின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள்.

இப்போது இரண்டு கொலைச் சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, ஐந்து மாணவர்களுக்கு எதிரானது. இரண்டாவது, அந்த முதல் குற்றத்துக்குச் சாட்சியம் உண்டாக்கியவருக்கு எதிரானது. சுகிர்தராஜனின் கமரா இல்லாதிருந்தால் ஐந்து மாணவர்களும் ‘குண்டோடு வந்தவர்கள்’ என்றே பதிவாகியிருப்பார்கள். மாணவர்கள் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019இல் சான்று போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்களில் பலர் அதற்குள் நாட்டைவிட்டே போய்விட்டிருந்தார்கள்.

ஊடகவியலாளருக்குத் தனிச் சலுகை கேட்பதாக நினைப்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். செய்தியாளரைத் தாக்கிவிட்டு ஒருவர் தப்ப முடிந்தால், அந்தச் செய்தியாளர் எழுதப்போன மற்ற எல்லாக் குற்றங்களும் சேர்ந்து தப்பிவிடுகின்றன. தெருவிளக்கின் கணக்கு இதுதான்.

உலக அளவிலும் இதை எண்ணுகிறார்கள். 2006இலிருந்து தான் பதிவுசெய்த ஊடகவியலாளர் கொலைகளில் சுமார் 85 வீதம் தீர்க்கப்படாமலே இருக்கின்றன என்று யுனெஸ்கோவின் 2024 அறிக்கை சொல்கிறது. 2013 நவம்பர் 2ஆம் திகதி மாலி நாட்டின் வடக்கே பிரெஞ்சு வானொலியின் செய்தியாளர்கள் இருவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக நவம்பர் 2ஐ ஊடகவியலாளருக்கு எதிரான குற்றங்களில் தண்டனையின்மையை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. மே 3 ஊடக சுதந்திர நாள், அது வேறு. இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஒரு வழக்கு எந்தெந்த இடத்தில் அறுகிறது

இதுவரை பார்த்தது, தண்டனையின்மை என்ன செய்கிறது என்பது. அது எப்படி உண்டாகிறது என்பதை விளங்கிக்கொள்ள லசந்த விக்கிரமதுங்கவின் வழக்கைப் போல உதவக்கூடியது வேறில்லை. ‘மேலே இருந்து ஒருவர் தொலைபேசியில் நிறுத்தச் சொல்வார், வழக்கு நின்றுவிடும்’ என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த வழக்கில் கயிற்றின் பல இடங்கள் ஒவ்வொன்றாக அறுந்தன.

லசந்த, த சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியர். ஆயுதக் கொள்வனவு பற்றியெல்லாம் துணிந்து எழுதியவர். 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, அலுவலகத்துக்குக் காரில் போகும்போது இரத்மலானைக்குப் பக்கத்தில் அத்திடியவில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் மறித்துத் தாக்கினார்கள். களுபோவில வைத்தியசாலையில் அன்றே இறந்தார். மூன்றாம் நாள் வெளியான பத்திரிகையில், தான் கொல்லப்படுவதை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதிய தலையங்கம் வந்தது.

முதலில் அறுந்தது தடயம். தன்னைப் பின்தொடர்ந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களை லசந்த காருக்குள் இருந்தபடியே ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தார். ஒரு மனிதன் தன் கடைசி நிமிடங்களில் செய்த வேலை அது: பயந்து ஓடாமல், நிருபராகவே, இலக்கத்தைக் குறித்துக்கொண்டது. அந்தப் புத்தகம் பொலிஸின் கைக்குப் போய் அங்கிருந்து காணாமல் போனது என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னாளில் கல்கிசை நீதவான் நீதிமன்றத்தில் தெரிவித்தது. சான்றை மறைத்ததாக ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரும் ஒரு உப பரிசோதகரும் 2018இல் கைதானார்கள். கொலை நடந்து ஒன்பது வருடம் கழித்து. இறந்த விதம் பற்றிய மருத்துவ அறிக்கைகளிலும் முரண்பாடு இருந்ததால் 2016 செப்டெம்பரில் உடலைத் தோண்டி எடுத்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டி வந்தது.

அடுத்தது, ஆள் மாறாட்டம். ஆரம்ப வருடங்களில் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழ் மோட்டார் மெக்கானிக்கைப் பிடித்தார்கள். காரணம், சம்பந்தப்பட்ட சிம் அட்டைகள் அவருடைய அடையாள அட்டையில் வாங்கப்பட்டிருந்தன. அவர் விளக்கமறியலில் இருக்கும்போதே 2011இல் இறந்துபோனார். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ‘யாரையாவது பிடித்து உள்ளே போட்டால் தண்டனையின்மை தீர்ந்துவிடும்’ என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிழையான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் இன்னும் பாதுகாப்பாகிவிடுகிறார்.

பிறகு, விசாரிப்பவர்கள். 2015க்குப் பிறகு புலனாய்வுத் திணைக்களம் வழக்கைத் தூசி தட்டி எடுத்து நிறையத் தூரம் கொண்டுபோனது. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும், சில நாட்களுக்குள் திணைக்களத்தின் பணிப்பாளர் இடமாற்றப்பட்டார். இந்த வழக்கை விசாரித்த பரிசோதகர் குடும்பத்தோடு சுவிற்சர்லாந்துக்குப் போய்விட்டார். 2020 ஜூலையில் அந்தப் பணிப்பாளர் கைதே செய்யப்பட்டார். ஒரு கோப்பைக் கொளுத்தத் தேவையில்லை. அந்தக் கோப்பை வாசித்து விளங்கிக்கொண்ட ஆட்களை அகற்றினால் போதும்.

கடைசியாக, வழக்குத் தொடர வேண்டியவர். 2025 ஜனவரியில் மூன்று சந்தேகநபர்களை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் அறிவுறுத்தினார். கடும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த அறிவுறுத்தலை இடைநிறுத்தினார். எங்கள் நாட்டில் சட்டமா அதிபர் அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்பவரும்கூட. ஒரே கை அரசைக் காக்கவும் வேண்டும், அரசின் ஆட்களைக் குற்றஞ்சாட்டவும் வேண்டும். தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

கயிறு இன்னோர் இடத்திலும் தேயும். அது குடும்பத்தின் பொறுமை. கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர், காணாமல் ஆக்கப்பட்டார். சுகிர்தராஜன் கொலையான அதே திகதி. மனைவி சந்தியா நூற்றுக்கு மேற்பட்ட தடவை நீதிமன்றப் படி ஏறிவிட்டார். 2016இல் இந்த வழக்கு எடுக்கப்பட்டபோது, பொதுபல சேனா என்ற பௌத்த அமைப்பின் ஞானசார தேரர் ஹோமாகம நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்து சத்தமிட்டார். நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள், 2019இல் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். ஒன்பது இராணுவப் புலனாய்வு உறுப்பினர்கள்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டதும் 2019 நவம்பரில்தான். 2022 ஜனவரியில் சந்தியா கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலுக்குப் போய்த் தலையை மொட்டையடித்து முறையிட்டார். நீதிமன்றத்தில் கிடைக்காததைக் காளியிடம் கேட்கப் போன அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சுருக்கமாக: தடயம், சந்தேகநபர், விசாரணையாளர், வழக்குத் தொடுப்பவர், குடும்பத்தின் பொறுமை. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று அறுந்தாலே வழக்கு நின்றுவிடும். லசந்தவின் வழக்கில் முதல் நான்கும் அறுந்தன.

சுட்டவரும் சுடச் சொன்னவரும்

‘குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது’ என்ற செய்தியை வாசித்தால் யார் அந்தக் குற்றவாளி என்று பாருங்கள். துப்பாக்கி பிடித்தவரா, காசு கொடுத்தவரா? ஏவியவரைத்தான் சூத்திரதாரி என்கிறோம். அடியாள் மட்டும் உள்ளே போய்ச் சூத்திரதாரி வெளியே இருந்தால் அதைப் பாதித் தண்டனையின்மை என்றுதான் சொல்ல வேண்டும். அடியாளுக்கு ஆள் மாற்று எடுக்கலாம்.

மோல்ட்டாவில் ஊழலை எழுதிய டாஃப்னி கருவானா கலிசியா 2017 ஒக்டோபர் 16ஆம் திகதி கார்க் குண்டில் கொல்லப்பட்டார். குண்டு வைத்த சகோதரர்கள் இருவருக்கும் 2022இல் தலா 40 வருடச் சிறை. ஏவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கு அப்போதும் முடியவில்லை. ஆனால் அங்கே ஒரு முக்கியமான காரியம் நடந்தது. குடும்பம் விடாமல் போராடி ஒரு பொது விசாரணையைப் பெற்றது. கொலைக்கு வழிசெய்த சூழலை உருவாக்கிய பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று 2021இல் அந்த விசாரணை சொன்னது. அரசு நேரடியாகக் கொலைசெய்தது என்று அது சொல்லவில்லை. செல்வாக்கானவர்களை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையை வளரவிட்டதே குற்றம் என்றது. இந்தக் கட்டுரையின் சாரமும் அதுதான்.

சூத்திரதாரி வரை போன வழக்கும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் மகிந்தனாவோவில் 2009 நவம்பர் 23ஆம் திகதி 58 பேரைக் கொன்று குழியில் புதைத்தார்கள். அவர்களில் 32 பேர் ஊடகத்தைச் சேர்ந்தவர்கள். ஆளுநர் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கப் போன வாகனத் தொடரில் அவர்கள் போயிருந்தார்கள். ஊடகம் கூட வந்தால் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அழைத்துப் போயிருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2019 டிசம்பரில், அந்த மாகாணத்தை ஆண்ட குடும்பத்தின் முக்கிய ஆட்களே கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். பத்து வருடம் என்பது நீளம்தான். ஆனாலும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

கொலையே இல்லாத வருடம்

ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு, தண்டனையின்மை அதிகமான நாடுகளின் பட்டியலை 2008 முதல் வெளியிடுகிறது. இலங்கை பல வருடம் அதில் மேல்வரிசையில் இருந்தது. 2016இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. எங்கள் ஆட்கள் சிலர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

பட்டியல் கடந்த பத்து வருடத்துக் கொலைகளை மட்டும் எண்ணும், அதுவும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இருந்தால்தான் நாட்டின் பெயர் வரும். வருடங்கள் ஓட ஓடப் பழைய கொலைகள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. நிமலராஜனுக்கோ சுகிர்தராஜனுக்கோ நீதி கிடைத்ததால் பெயர் நீங்கவில்லை. குமிழ் உடையாத வருடத்தின் பதிவேடு மாதிரித்தான் இதுவும். பட்டியல் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது வாசிக்கிற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அமைதிக்குள் நடப்பதைச் சுயதணிக்கை என்பார்கள். தணிக்கை என்றால் அதிகாரி ஒருவர் செய்தியை வெட்டுவது. சுயதணிக்கை என்றால் எழுதுகிறவர் தானே, எழுதுவதற்கு முன்பே, வெட்டிக்கொள்வது. பிராந்திய நிருபர் ஒருவரை எனக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் மூன்று படங்கள் வைத்திருந்தார், காட்டில் வெட்டி அடுக்கிய மரக்குற்றிகள். “போடேல்லையா?” என்று கேட்டேன். “மகள் அந்த வழியாலதான் ரியூசனுக்குப் போறவள்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரை யாரும் மிரட்டவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அந்தச் சம்பவம் இல்லை. ஆனால் அந்தச் செய்தி வரவில்லை.

அவருடைய பயம் வீண் பயமும் இல்லை. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவில் சட்டவிரோத மரம் வெட்டுதலைப் படமெடுக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்களைத் தாக்கினார்கள். பகுதிநேர நிருபருக்கு மாதச் சம்பளமும் இல்லை, பத்திரிகை கொடுக்கிற வழக்கறிஞரும் இல்லை. பழைய கொலைகளுக்குக் கணக்குக் கேட்கப்படவில்லை என்பது அவருக்கும் தெரியும், மரம் வெட்டுகிறவருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் திறந்த ஒரு கதவு

உள்நாட்டில் வழி அடைபட்டால் வேறு வழி உண்டா? ஓரளவு உண்டு. அதற்கு உலகளாவிய நியாயாதிக்கம் என்று பெயர். போர்க்குற்றம் போன்ற பாரதூரமான குற்றங்களை, அவை எங்கே நடந்திருந்தாலும், வேறொரு நாடு தன் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்ற ஏற்பாடு.

2022 பெப்ரவரியில் லண்டன் பெருநகரப் பொலிஸார் இங்கிலாந்தின் நோர்தாம்ரன்ஷயரில் 48 வயதான ஒருவரைக் கைது செய்தார்கள், நிமலராஜனின் கொலை தொடர்பான போர்க்குற்றச் சந்தேகத்தில். யாழ்ப்பாணத்தில் கோப்பு மூடப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசாரணை தொடரும் நிலையில் அவரை வெளியே விட்டார்கள். கைது என்பது தீர்ப்பு அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 21 வருடத்துக்குப் பிறகு, சாட்சிகள் இருந்தால் முன்வாருங்கள் என்று ஒரு பொலிஸ் கேட்டது.

லசந்தவின் வழக்கை நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் 2022இல் விசாரித்து, இலங்கை அரசைப் பொறுப்பாளியாகக் கண்டது. மக்கள் தீர்ப்பாயத்துக்கு யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை. சான்றுகளை ஒழுங்காக அடுக்கிப் பதிவில் வைக்க அதனால் முடியும். 

அடுத்த செய்தியை எப்படி வாசிப்பது

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: “அப்ப ஒரு செய்தியில தண்டனையின்மை இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

கடைசி வரியைப் பார் என்றேன். எங்கள் பத்திரிகைகளில் குற்றச் செய்தி எல்லாம் ஒரே வரியில்தான் முடியும்: ‘மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.’ அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, அதே சம்பவத்தைப் பற்றி வேறு வரி வந்ததா என்று தேடு. யார் கைதானார், யார் பிணையில் போனார், விசாரித்த அதிகாரி இன்னும் அதே கதிரையில் இருக்கிறாரா, ஏவியவர் பற்றி யாராவது வாய் திறந்தார்களா.

அவள் கையில் இருந்த பத்திரிகையைத் திரும்ப எடுத்தாள். நிமலராஜன் செய்தியின் அடியில் விரல் வைத்து வாசித்துவிட்டு, “இதில அந்த வரிகூட இல்லை மாமா” என்றாள்.